என் கணையமும் இலை மேல் போட்ட பழியும்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்கு என் சிறுநீரின் நிறத்தைக் கவனித்தேன். பால் சேர்க்காத கடுந்தேநீரின் நிறம். முப்பத்தோரு வருடமாகத் தேயிலைத் தொழிற்சாலையில் சாயத்தின் நிறம் பார்த்தே சம்பளம் வாங்குகிறவனுக்கு அதில் சந்தேகம் வராது. அன்றைய நாட்குறிப்பில் நேரத்தோடு எழுதி வைத்தேன். அதற்கு முன் மூன்று வாரமாக மேல்வயிற்றில் ஒரு மந்தம் இருந்தது. எடை நான்கு கிலோ குறைந்திருந்தது. இரண்டையும் மழைக்காலம் என்று தள்ளிவிட்டிருந்தேன்.

என் நாட்குறிப்பில் அந்தச் செவ்வாய்தான் நோயின் முதல் நாளாக இருக்கிறது. அது தவறு. உண்மையான முதல் நாள் அதற்கு எட்டு மாதம் முந்தையது. அதை வேறொரு ஏட்டில், வேறொருவருடைய குற்றமாக எழுதி வைத்திருந்தேன். இதே நோயின் வாசலில் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன் என்பதால் அதைச் சொல்லாமல் விட முடியாது. வரிசைப்படி சொல்கிறேன்.

கண்ணை முதலில் பார்த்தவள் என் மனைவி சரசு.

“ஏனுங்க, இப்பிடி வெளிச்சத்துக்கு வாங்க. கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்குதுங்க.”

“சமையக்கட்டு லைட்டு மஞ்ச லைட்டு.”

“எனக்கும் அதே லைட்டுத்தானுங்க. எங்கண்ணு வெள்ளையாத்தான இருக்குது?”

குன்னூரை அடுத்த ஜெகதளாவில், எங்கள் தெருவில் காமாலைக்கு முதல் மருந்து கீழாநெல்லி. எட்டு நாள் அரைத்துக் குடித்தேன். மோரும் சோறும் மட்டும் சாப்பிட்டேன். உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கத் தொடங்கின. குளிர்ந்த தரையில் காலைத் தேய்த்துக்கொண்டே நடந்தேன். ஒன்பதாம் நாள் சரசு டம்ளரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். குன்னூருக்குப் போனோம்.

ஸ்கேன் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் நாற்பது நிமிடம். அறிக்கையில் இரண்டு வரிகள். பித்தநாளம் (கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீர் வரும் குழாய்) வீங்கியிருக்கிறது. கணையத்தின் தலைப்பகுதியில் ஒரு தடிப்பு தெரிகிறது.

நான் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறவன். ஆனால் கணையம் (இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கும் சுரப்பி, உணவைச் செரிக்கும் நீரையும் சர்க்கரையை அடக்கும் இன்சுலினையும் சுரப்பது) உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. அது கெடும் வரை தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை.

குன்னூர் மருத்துவரின் முதல் கேள்வி எதிர்பார்த்ததுதான்.

“குடிப்பீங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் சரசு முந்திக்கொண்டாள். “டீயவே வாயில ஊத்தித் துப்பறதுதானுங்க டாக்டர் இவிங்க வேலை. அதக்கூட முழுசாக் குடிக்கறதில்லீங்க.”

அவர் சிரிக்கவில்லை. கணைய அழற்சிக்குக் (கணையத்தில் வரும் வீக்கமும் எரிச்சலும்) குடியும் பித்தக்கல்லும் முக்கியமான காரணங்கள் என்றார். எனக்குக் குடி இல்லை. கல்லும் இல்லை. “அப்ப வேற பாக்கணும்” என்று கோயம்புத்தூருக்குக் கடிதம் எழுதினார். அந்த ‘வேற’ என்ற சொல்லுடன் மேட்டுப்பாளையம் வரை மலையிறங்கினேன். பர்லியார் தாண்டிய பிறகு சரசு என் கையைப் பிடித்துக்கொண்டாள். திருமணமான இருபத்தொன்பது வருடத்தில் பேருந்தில் அவள் அப்படிச் செய்ததில்லை.

கோயம்புத்தூரில் வெள்ளிக்கிழமை சேர்ந்தேன். சனிக்கிழமை வாய் வழியாகக் குழாய் விட்டு, அடைபட்ட பித்தநாளத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினார்கள். அரிப்பு நான்கு நாளில் அடங்கியது. அடுத்த வாரம் அறுவை மருத்துவர் வந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து காகிதத்தில் படம் போட்டார். கணையத்தின் தலை, அதை ஒட்டிய முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தில் ஒரு பகுதி. எல்லாவற்றையும் சுற்றி ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் இருப்பதை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு தைக்க வேண்டும்.

“கேன்சரா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ரத்தத்துல அதுக்கான அளவும் கூடியிருக்கு. காமாலையாலயும் அது கூடலாம். ஆனா காத்திருந்து பாக்கற விஷயம் இல்ல இது” என்றார். பத்து நாள் தள்ளி, ஒரு வெள்ளிக்கிழமை அறுவைக்கு நாள் குறித்தார்.

நான் அந்தத் தேதியை எழுதினேன். அதற்கு மறுநாள் என்று ஒரு தேதி இருக்கும் என்பதை எழுத என் கை வரவில்லை.

அன்று மாலை வேறொரு மருத்துவர் வந்தார். குடல், கல்லீரல், கணையம் பார்க்கும் பெண் மருத்துவர். நாற்பது வயதிருக்கும். படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பேசினார்.

“எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு சார். தலைப்பக்கம் கேன்சர் வந்து அடைச்சா, கணையத்துக்குள்ள ஓடற குழாய் பின்னால பெருத்துப்போகும். உங்களுக்குப் பெருக்கல. கணையம் முழுசுமே தடிச்சிருக்கு. சுத்தி மெல்லிசா ஒரு கரை தெரியுது.”

தன்தாக்குக் கணைய அழற்சி (உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே கணையத்தை எதிரியாக நினைத்துத் தாக்குவதால் வரும் வீக்கம்) என்று ஒன்று உண்டு என்றார். அரிதானது. படத்தில் புற்றைப் போலவே ஏமாற்றும். அதுவென்றால் கத்தியே வேண்டாம், மாத்திரை போதும். ஆனால் புற்றாக இருந்து, அழற்சி என்று நினைத்து மாத்திரை கொடுத்தால், அது வளர நாமே வாரங்களைக் கொடுத்ததாகும். எது என்று ஆதாரத்தோடு தெரிய வேண்டும்.

“அந்த நோய் கணையத்தோட நிக்காது. எச்சில் சுரப்பி, கண்ணீர்ச் சுரப்பி, சிறுநீரகம்னு வேற இடத்துலயும் வரும். ஒரு வருஷத்துக்குள்ள வாய் காஞ்சு போச்சா? தாடைக்குக் கீழ வீங்குச்சா?”

“இல்லீங்க.”

அவர் என் தாடைக்கடியில் இரண்டு கையாலும் அழுத்தினார். “இங்க தடிப்பா இருக்கே?”

“கடைவாய்ப் பல்லு சொத்தைங்க.”

“ரெண்டு பக்கமுமா?”

“ரெண்டு பக்கமும் சொத்தைதானுங்க.”

சரசு என்னைப் பார்த்தாள். மருத்துவர் குறித்துக்கொண்டு போனார்.

ஏன் பொய் சொன்னேன் என்பதைச் சொல்ல, தொழிற்சாலைக்குப் போக வேண்டும்.

நான் டீமேக்கர். கொழுந்து தூளாகும் வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பு. தினமும் காலையில் முந்தைய நாள் தூளைக் கோப்பைகளில் ஊறவைத்து, கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றித் துப்புவேன். பிறகு ருசி ஏட்டில் எழுதுவேன். நான் எழுதியதுதான் அன்றைய தூளின் தலையெழுத்து.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, தூள் நாக்கைப் பிடித்து இழுத்தது. பச்சைத் துவர்ப்பு. “வாட்டம் போதவில்லை” என்று எழுதினேன். வந்த கொழுந்தை மாடியில் பரப்பி, காற்றாடி ஓட்டி, ஈரத்தைக் குறைப்பதுதான் வாட்டம். அது குறைந்தால் தூளில் இப்படிப் பச்சை அடிக்கும். மறுநாளும் அதுவே. அந்த வாரம் முழுக்க அதுவே.

வாட்டும் மாடியைப் பார்த்துக்கொண்டவர் ராமையா. இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, சிறுவயதில் பெற்றோருடன் இங்கே வந்தவர். கொழுந்தைக் கைப்பிடியாக அள்ளிப் பிசைந்து, விரலைத் திறந்து பார்த்தே ஈரம் சொல்வார். அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். இன்னும் இரண்டு மணி நேரம் வாட்டச் சொன்னேன். அப்படியும் தூள் துவர்த்தது. நான்கு மாதம் இப்படிப் போனது. பிறகு நான் எழுதிக்கொடுத்த குறிப்பின் பேரில் அவரை மாடியிலிருந்து இறக்கி, கொழுந்து எடை போடும் தராசில் உட்காரவைத்தார்கள்.

அதற்கு முன்பே எனக்குத் தெரியும். முழுதாக அல்ல. ஆனால் சோற்றை விழுங்கத் தண்ணீர் வேண்டியிருந்தது. பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. எச்சில் இல்லாத வாயில் நல்ல தேநீரும் துவர்க்கும். இத்தனை வருட அனுபவத்தில் இது தெரியாதவன் அல்ல. தெரிந்ததை என்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. நாக்குப் போன டீமேக்கர், பார்வை போன ஓட்டுநர் மாதிரி. ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் இருந்தது. ராமையா விஷயமும் இருந்தது. வாய் காய்கிறது என்று ஒரு மருத்துவரிடம் சொல்லிவிட்டால், அந்த ஏட்டில் நான் எழுதிய ஒவ்வொரு வரியும் பொய்யாகிவிடும்.

உயிர் போகிற இடத்தில் இதுவா என்று கேட்பீர்கள். நானும் இப்போது அதையே கேட்கிறேன். அன்று அந்த வெட்கம் வயிற்றில் இருந்த கட்டியை விடப் பெரிதாக இருந்தது.

மருத்துவர் தன் வழியில் தேடினார். வாய் வழியாக ஒலியலைக் கருவியை இறக்கி, இரைப்பையின் சுவர் வழியே ஊசி குத்திக் கணையத்திலிருந்து துணுக்கு எடுத்தார். முடிவு: புற்றணு தெரியவில்லை, ஆனால் எடுத்த திசு போதாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ரத்தத்தில் அந்த அழற்சிக்குரிய ஒரு புரதத்தைப் பார்த்தார். கூடியிருந்தது, ஆனால் கொஞ்சம்தான். புற்றிலும் சிலருக்கு அவ்வளவு கூடும் என்றார். ஒவ்வொரு முடிவும் பாதிக் கதவைத் திறந்து அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை நெருங்கியது.

புதன்கிழமை பார்வையாளர் நேரத்தில் ராமையா வந்தார். ஒரு ரொட்டியும் நான்கு ஆரஞ்சும் கொண்டு வந்திருந்தார். நான் கூப்பிடவில்லை.

“என்னாங்க ஐயா, இப்படி மெலிஞ்சு போயிட்டீங்க. ஸ்டோருல எல்லாரும் கேட்டாங்க.” தொழிற்சாலையை அவர் ஸ்டோர் என்றுதான் சொல்வார்.

“தூள் எப்படி வருதுங்க ராமையா?” கேட்டிருக்கக் கூடாது. பழக்கம்.

அவர் ஆரஞ்சை உரித்துக்கொண்டே சிரித்தார். “நீங்க படுத்த நாள்லருந்து நல்லா வருதுங்க.”

சரசுவுக்கு முகம் சுருங்கியது. அவர் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கோவிச்சுக்காதீங்கம்மா. குன்னூருலருந்து ஒருத்தர் வந்து ருசி பாக்குறாரு. வாட்டம் சரியா இருக்குன்னு எழுதுறாரு. அதே மாடி, அதே காத்தாடி, அதே எல. நான் இருந்தப்ப துவர்ப்புன்னு எழுதினீங்க. சரி, எங்கையில கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன். நான் எறங்கின பொறவும் நாலு மாசம் அதையேதானே எழுதினீங்க? இப்ப நீங்க இங்க, துவர்ப்பு அங்க இல்ல. எல என்னா செஞ்சிச்சு பாவம்?”

டம்ளரை எடுத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன்.

“கப்புக்குக் கப்பு தண்ணி குடிச்சீங்களே ஐயா. முன்னயெல்லாம் அப்படிக் கெடையாது. வாய் காயுதான்னு கேக்கலாம்னு பாத்தேன். தராசுலருந்தும் எறக்கிட்டா வீட்டுக்குத்தான் போகணும்னு கேக்கல.”

சரசு நாற்காலியிலிருந்து எழுந்தாள். “சோத்துல கைய வெச்சதும் தண்ணி, தண்ணின்னு கேட்டது அதுக்குத்தானுங்களா? அந்த டாக்டரம்மா ரெண்டு தடவ கேட்டாங்கல்ல? சொத்தப் பல்லுன்னு சொன்னீங்களே, உங்களுக்கு ஏதுங்க சொத்தப் பல்லு?”

ராமையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்து, உரித்த ஆரஞ்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஒரு சுரப்பியின் பெயரும் தெரியாமல், மருத்துவருக்கு வேண்டியிருந்த ஆதாரத்தை அவர் கட்டிலருகே கொண்டுவந்து வைத்திருந்தார்.

“சரசு, நர்ஸைக் கூப்பிடு. டாக்டர் இருக்கறாங்களான்னு கேளு” என்றேன்.

மருத்துவர் அரைமணி நேரத்தில் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வாய் காய்ந்த முதல் திங்கள், தாடை தடித்ததை முகச்சவரத்தின்போது கவனித்த வாரம், சோற்றுக்குத் தண்ணீர் தேவைப்பட்ட மாதம். தேதிகள் எல்லாம் நினைவில் இருந்தன. மறைப்பவனுக்குத் தேதி மறப்பதில்லை.

“பல்லு?”

“நல்லாத்தான் இருக்குதுங்க.”

அவர் மறுபடியும் என் தாடைக்கடியில் அழுத்திப் பார்த்தார். “முதல் நாளே சொல்லியிருந்தா இங்கருந்துதான் சார் துணுக்கு எடுத்திருப்பேன். கழுத்துத் தோலுக்கு அடியில இருக்கு, வயித்துக்குள்ள போயிருக்கவே வேண்டாம்.” கோபம்தான். ஆனால் பேசிக்கொண்டே கைபேசியில் அறுவை மருத்துவரைத் தேடிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை, தாடையின் கீழ் மரத்துப்போக ஊசி போட்டு, எச்சில் சுரப்பியிலிருந்து ஒரு துண்டு எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை அறுவை ஒரு வாரம் தள்ளிப்போனது. “ஒரு வாரம்தான். அதுக்கு மேல நான் ஒத்துக்க மாட்டேன்” என்றார் அறுவை மருத்துவர். அவர் சொன்னது சரி என்றே எனக்கும் பட்டது. அதுதான் பயம்.

ஆறு நாள் காத்திருந்தேன். புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. ஒரே பத்தியை மூன்று முறை படித்துவிட்டு, அதில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று தெரியாமல் மூடினேன்.

பக்கத்துக் கட்டிலில் கூடலூர்க்காரர் ஒருவர். அவருக்கும் வலியில்லாத காமாலை. அவருக்கும் கணையத் தலையில் தடிப்பு. திங்கட்கிழமை அவரை அறுவைக்குக் கொண்டுபோனார்கள். அவருடையது புற்றுதான். இதை வாசிப்பவர் என் கதையை வைத்துத் தன் கட்டியை எடை போட வேண்டாம். அவருக்குக் கத்திதான் சரியான மருந்து. எனக்கு இப்படி நடந்ததால், உங்களுக்கும் மாத்திரையே போதும் என்று ஆகாது. உங்கள் மருத்துவர் கேட்கும் கேள்விக்கு உண்மையான பதில் மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வயிற்று நோய்க்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள்.

புதன்கிழமை பதினொன்றரைக்கு முடிவு வந்தது. சுரப்பியில் புற்று இல்லை. எதிர்ப்பு அணுக்கள் கூட்டமாகக் குவிந்து, சுற்றிலும் நார்நாராகத் தழும்பு. மருத்துவர் தேடிய அடையாளம் அதுவே. கணையப் படமும் ரத்தமும் இதுவும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. அறுவை நாளை அடித்துவிட்டு, ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். நாளுக்கு நாற்பது மில்லிகிராம்.

“ரெண்டு வாரம். அதுக்குள்ள வீக்கம் கண்ணுக்குத் தெரியற மாதிரி குறையணும். குறையலைன்னா நான் நெனச்சது தப்பு. உடனே ஆபரேஷன்” என்றார்.

வீட்டுக்கு வந்தோம். அந்தப் பதினான்கு நாள், முடிவுக்குக் காத்திருந்த ஆறு நாளைவிட மோசம். மாத்திரை சர்க்கரையை ஏற்றியது. விரலில் குத்திப் பார்க்கப் பழகினேன். முகம் வீங்கியது. அசுரப் பசி. கொழுப்பு செரிக்காமல் மலம் மிதந்தது. அதற்கு உணவோடு விழுங்கும் நொதி மாத்திரை (கணையம் சுரக்க வேண்டியதை வெளியிலிருந்து தருவது) தனியாக. வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். வெளியிலிருந்து அழுத்தித் தெரியும் இடத்தில் கணையம் இல்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இருந்தும் அழுத்தினேன்.

ஒன்பதாம் நாள் மதியம் சரசு எலுமிச்சை ஊறுகாய் ஜாடியைத் திறந்தாள். எனக்கு வாய் ஊறியது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

“என்னங்க? வலிக்குதுங்களா?”

“இல்ல. எச்சி ஊறுது.”

அவள் ஜாடியை மூடாமல் என் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். “அப்ப நல்லா மோந்து பாருங்க” என்றாள். சிரிக்கப் போனவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பதினைந்தாம் நாள் படத்தில் கணையம் சுருங்கியிருந்தது. மருத்துவர் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. “இனி இது கேன்சர் இல்லன்னு நான் தைரியமாச் சொல்வேன்” என்றார். அதன்பின் ஒரு வாக்கியம் சேர்த்தார். “ஆனா இது திரும்பி வரக்கூடியது. வந்தா சீக்கிரம் சொல்லணும்.” அந்தச் ‘சொல்லணும்’ என்பதை என் முகத்தைப் பார்த்து, தனியாக அழுத்திச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் போனேன். மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். ருசி ஏட்டை எடுத்து, எட்டு மாதத்தில் துவர்ப்பு என்று நான் எழுதியிருந்த ஒவ்வொரு பதிவின் கீழும், “இலையில் குறை இல்லை; ருசி பார்த்தவர் நாக்கில் குறை” என்று எழுதி அன்றைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பிறகு ராமையாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மாடிக்குத் திரும்பி வரலாம் என்று மேலாளர் சொன்னதையும் சொன்னேன்.

“வேணாங்க ஐயா. தராசுல உக்காந்து பழகிருச்சு. மாடிப்படி ஏறினா முட்டி வலிக்குது” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அந்தப் படிய முப்பது வருசம் ஏறினப்ப வலிக்கல” என்றார். திரும்பிக் கொழுந்து மூட்டையைத் தராசில் ஏற்றினார். அவர் மன்னித்தாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. என்னை அறுவை மேசையிலிருந்து இறக்கியவர் அவர்தான் என்று சொன்னபோது, “நான் ஆரஞ்சு குடுக்கத்தான் வந்தேன்” என்றார்.

இப்போது காலையில் நான் தனியாக ருசி பார்ப்பதில்லை. இன்னொருவரும் அதே கோப்பையிலிருந்து எடுக்கிறார். எனக்குத் துவர்த்தால் முதலில் அவர் முகத்தைப் பார்க்கிறேன்.

முன்பு என் வருடம் கொழுந்து வரத்தில் நகரும்; அதிகம் வரும் மாதம், பனி கருக்கும் மாதம். இப்போது மில்லிகிராமில் நகர்கிறது. நாற்பது, முப்பத்தைந்து, முப்பது. இந்த வாரம் ஐந்து. அதற்குக் கீழே இறங்கும்போதுதான் பலருக்கு நோய் திரும்பும் என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம், படம். அந்த மூன்று மாதத்துக்கு அப்பால் எதையும் யாருக்கும் நான் வாக்களிப்பதில்லை. பேத்தியின் காதுகுத்துக்கு நாள் கேட்டபோதுகூட, அடுத்த பரிசோதனைக்கு முன்னதாக வரும் ஒரு நாளைச் சொன்னேன்.

உடம்பு என்னோடு பேசுகிறது என்று நினைத்திருந்தேன். பேசியதுதான், நான் அதை இலையின் குறையாக வேறு ஏட்டில் எழுதிக்கொண்டேன். ஆகவே என் விரலை நானே முழுதாக நம்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குளித்த பிறகு சரசு என் தாடைக்கடியில் இரண்டு பக்கமும் தடவிப் பார்க்கிறாள். மருத்துவர்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார்.

போன ஞாயிறு இடது பக்கம் கொஞ்சம் அதிக நேரம் விரலை வைத்திருந்தாள்.

“ஒண்ணுமில்லீங்க” என்றாள்.

தேதியையும் நேரத்தையும் எழுதிவிட்டு, பேனாவை மூடாமல், இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன்.